படிக்காத கதைக்கு ஓட்டுப் போடலாமா?

ஒரு தமிழ்ச் சிறுகதைப் போட்டி. நடுவர் பரிசு தனி, 'வாசகர் தேர்வு' தனி. ஒருவர் ஐந்து கதைகள் வரை முன்மொழியலாம். அறிவிப்பு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, டாலஸ் வட்டாரத்தில் நான் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிட்டது. "இந்த அஞ்சு கதைக்கும் போட்டுடுங்க, எல்லாம் நம்ம ஆளுங்க. ரெண்டு நிமிஷ வேலைதான்." கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். "போட்டாச்சு", "டன்", "வீட்ல அவங்க போன்லயும் போட்டாச்சு" என்று பதில்கள். கதை எப்படி இருக்கு என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

அனுப்பியவர் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. நம்மவர் எழுதுகிறார், நாலு பேர் கண்ணில் படட்டுமே என்ற ஆசைதான். அமெரிக்காவில் உட்கார்ந்து தமிழில் எழுதுவது எவ்வளவு தனிமையான வேலை என்று எனக்கும் தெரியும். வேலை, பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு, இரவு பத்து மணிக்கு இந்தியாவோடு கால், இதெல்லாம் முடிந்த பிறகு எழுதுகிறார்கள். அவர்களுக்குக் கை கொடுப்பது தப்பே இல்லை. ஆனால் அந்தக் கை எந்த இடத்தில் நீள்கிறது என்று பார்க்கணும். 'படிச்சுப் பாருங்க' என்று சொல்வதும் 'போட்டுடுங்க' என்று சொல்வதும் ஒன்றில்லை.

இந்தச் சிக்கல் தமிழுக்கு மட்டும் வந்ததில்லை. ஆங்கில அறிவியல் புனைகதை உலகத்தின் பெரிய விருது ஹ்யூகோ. 1953இல் தொடங்கியது. நடுவர் குழு கிடையாது. 'வேர்ல்ட்கான்' என்ற ஆண்டு மாநாட்டுக்கு உறுப்பினர் கட்டணம் கட்டிய வாசகர்களே முன்மொழிந்து, வாசகர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். நேரில் போக முடியாதவர்கள் ஆதரவு உறுப்பினராகச் சேர்ந்தாலும் ஓட்டு உண்டு. 2015இல் அதற்கு 40 டாலர்.

கதை நம்ம டெக்சஸில்தான் தொடங்குகிறது என்று சொல்லலாம். 2013 வேர்ல்ட்கான் சான் அன்டோனியோவில் நடந்தது. அந்த ஆண்டு விருதுக்காக லாரி கொரேயா என்ற எழுத்தாளர் தன் வாசகர்களைத் திரட்ட ஆரம்பித்தார். அந்த இயக்கத்துக்கு விளையாட்டாக வைத்த பெயர் 'சோக நாய்க்குட்டிகள்'. 'இந்த விருதை ஒரு சிறு வட்டம் தங்களுக்குள்ளேயே கொடுத்துக்கொள்கிறது, சாதாரண வாசகன் ரசிக்கிற விறுவிறுப்பான கதைகளுக்கு இடமில்லை' என்பது அவர்கள் குறை. 2015இல் பிராட் டார்கர்சன் அதைத் தலைமையேற்று நடத்தினார். அதே சமயம் வாக்ஸ் டே என்பவர் 'வெறிபிடித்த நாய்க்குட்டிகள்' என்று இன்னொரு பட்டியலை வெளியிட்டார். இரண்டு பட்டியலிலும் பெரும்பகுதி ஒன்றே.

விளைவு என்ன? அந்த ஆண்டு முன்மொழிவுக் கட்டத்தில் வந்தவை 2,122 வாக்குச்சீட்டுகள். பல பிரிவுகளில் இறுதிப் பட்டியலின் ஐந்து இடங்களையும் இந்த இரண்டு பட்டியல்களே பிடித்துக்கொண்டன. சிறுகதைப் பிரிவும் அதில் ஒன்று. கோபத்தில் வாசகர்கள் திரண்டு வந்தார்கள். இறுதிச் சுற்றில் 5,950 பேர் வாக்களித்தார்கள், அதுவரை இல்லாத எண்ணிக்கை. 2015 ஆகஸ்ட் 22 அன்று ஸ்போகேன் நகரில் முடிவு அறிவித்தபோது ஐந்து பிரிவுகளில் 'யாருக்கும் விருது இல்லை' என்பதே ஜெயித்தது. அதற்கு முந்தைய ஹ்யூகோ வரலாறு முழுவதிலும் மொத்தம் ஐந்து முறைதான் அப்படி நடந்திருந்தது. ஒரே இரவில் அது இரட்டிப்பானது.

சரி, ஒரு சின்னக் கூட்டம் எப்படி இவ்வளவு பெரிய விருதைப் பிடிக்க முடிந்தது? இதில் ஹேக்கிங் எதுவும் இல்லை. வெறும் கூட்டல் கணக்கு. நம்ம போட்டியையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம். நூறு கதைகள் வந்திருக்கின்றன. முந்நூறு பேர் தனித்தனியாகப் படித்து, ஆளுக்கு ஐந்து கதைகளை முன்மொழிகிறார்கள். மொத்தம் 1,500 முன்மொழிவுகள். ஒரு கதைக்குச் சராசரி 15. ரொம்ப நல்ல கதை என்றால் 30, 35 வரும். இப்போது நாற்பது பேர் கொண்ட ஒரு குழு உள்ளே வருகிறது. நாற்பது பேரும் ஒரே ஐந்து கதைகளை டிக் செய்கிறார்கள். அந்த ஐந்துக்கும் ஆளுக்கு 40. முடிந்தது கதை. 340 பேரில் நாற்பது பேர் என்பது 12 சதவீதம்கூட இல்லை. ஆனால் இறுதிப் பட்டியலின் ஐந்து இடமும் அவர்களுக்கே. உண்மையாகப் படித்த முந்நூறு பேருக்கு ஒரு இடம்கூட மிஞ்சவில்லை.

படித்தவர்களின் ரசனை சிதறித்தான் இருக்கும். அதுதான் இயல்பு, அதுதான் ஆரோக்கியமும். உங்களுக்கு அ. முத்துலிங்கம் மாதிரி எழுதுகிறவரைப் பிடிக்கும், எனக்கு வேறொருவரைப் பிடிக்கும். படிக்காதவர்களின் ஓட்டு மட்டும்தான் சிதறாமல் அப்படியே ஒரே இடத்தில் விழும். படித்தவனைத் தண்டித்துப் படிக்காதவனுக்குப் பரிசு கொடுக்கிற முறை இது.

நம்ம ஐடி நண்பர்கள் உடனே தீர்வு சொல்வார்கள். ஓடிபி வை, ஒரு போனுக்கு ஒரு ஓட்டு, ஐபி முகவரியைப் பார் என்று. கள்ள ஓட்டுக்கு அது சரி. ஆனால் அந்த நாற்பது பேரும் நாற்பது உண்மையான மனிதர்கள். ஆளுக்கு ஒரு போன், ஆளுக்கு ஒரு மின்னஞ்சல். எந்த விதியையும் அவர்கள் மீறவில்லை. ஓடிபியால் என்ன செய்ய முடியும்? ஸ்போகேனிலும் அப்படித்தான். பட்டியல் போட்டவர்கள் 40 டாலர் கட்டிய முறையான உறுப்பினர்கள். ஓட்டுப் போட்டவரைச் சலித்துப் பயனில்லை என்பதால், எண்ணுகிற முறையை மாற்ற வேண்டியிருந்தது.

அதைத்தான் செய்தார்கள். கணினிப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்களுக்குப் புரூஸ் ஷ்னையரைத் தெரிந்திருக்கும். அவரும் ஜேம்சன் க்வின் என்ற வாக்கெடுப்பு முறை ஆய்வாளரும் ரசிகர்களோடு சேர்ந்து விவாதித்து ஒரு புதிய எண்ணும் முறை உருவாக உதவினார்கள். 2015இல் முதல் ஒப்புதல், 2016இல் கேன்சஸ் சிட்டியில் இரண்டாவது ஒப்புதல், 2017 விருதிலிருந்து நடைமுறை. ஒரு விதியை மாற்ற இரண்டு ஆண்டுக் கூட்டங்கள் தொடர்ந்து ஒப்புக்கொள்ளணும் என்பது அவர்கள் சட்டம். கோபத்தில் அவசரமாக எதையும் மாற்றிவிடக் கூடாது என்பதற்காக. அந்த நடுவருஷமான 2016இல் மறுபடியும் பட்டியல் அடி விழுந்தது, இரண்டு பிரிவுகளில் மறுபடியும் விருது இல்லை. அதையும் தாங்கிக்கொண்டு நிதானமாகத்தான் மாற்றினார்கள்.

முறை இதுதான். ஒவ்வொருவர் கையிலும் ஒரு ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கதைகளை முன்மொழிந்தால் ஒவ்வொன்றுக்கும் இருபது பைசா. எல்லாக் கதைக்கும் சேர்ந்த பைசாவைக் கூட்டி, ஆகக் கடைசியில் இருக்கும் இரண்டு கதைகளை எடுக்கணும். அந்த இரண்டில் எதைக் குறைவான பேர் முன்மொழிந்தார்களோ அது வெளியே. வெளியே போன கதைக்கு நீங்கள் கொடுத்த பைசா உங்களுடைய மற்ற கதைகளுக்குப் பிரிந்து போகும். இப்படியே கடைசி ஆறு கதை மிஞ்சும்வரை. முன்மொழிவது ஐந்து, இறுதிப் பட்டியல் ஆறு.

இதன் அழகு என்ன என்றால், தனியாகப் படித்து ஓட்டுப் போட்டவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவருடைய கதைகள் ஒவ்வொன்றாக வெளியே போகப்போக மீதிக் கதைக்கு அவர் ரூபாய் முழுசாகப் போய்ச் சேரும். பட்டியல் குழுவுக்கோ அவர்கள் கதைகளே ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். ஐந்து இடம் கேட்டவர்களுக்கு அவர்கள் தலைக்கணக்குக்கு ஏற்ற மாதிரி ஓரிரண்டு இடம் கிடைக்கும். யாரையும் வெளியே தள்ளவில்லை, யாரையும் குற்றவாளி ஆக்கவில்லை. பன்னிரண்டு சதவீதம் பேருக்குப் பன்னிரண்டு சதவீதத்துக்குப் பக்கமாக ஒரு பங்கு. நியாயம்தானே? ஒரு எக்செல் ஷீட்டும் ஐம்பது வரி பைத்தானும் போதும். நம்ம தமிழ்ச் சங்கங்களில் இதை ஒரு வார இறுதியில் எழுதித்தர ஆள் இல்லாமலா போய்விட்டது!

'எதுக்கு இவ்வளவு தலைவலி, நடுவர் குழுவை வைத்து முடித்துவிடலாமே' என்று சிலர் கேட்பார்கள். நடுவர் குழுவுக்கும் தனிச் சிக்கல் உண்டு. சாகித்ய அகாதெமி விருதை முடிவு செய்வது கடைசியில் மூன்று நடுவர்கள். விருது அறிவிக்கிற ஒவ்வொரு முறையும் 'லாபி' என்ற சொல் தமிழ்நாட்டில் அடிபடாமல் இருந்ததில்லை. நம்ம புராணக் கதையிலேயே பொற்கிழியை எதிர்த்து எழுந்து நின்றவர் ஒரே ஒரு நக்கீரர்தான், சபையில் மற்ற புலவர்கள் வாய் திறக்கவில்லை. வாசகர் வாக்கு என்பது அந்த மூடிய அறைக்கு ஒரு ஜன்னல். அமேசான் கிண்டிலின் 'பென் டு பப்ளிஷ்' போட்டி தமிழிலும் நடந்தபோது, வாசகர் வரவேற்பும் ஒரு அளவுகோலாக இருந்ததால்தான் பதிப்பகத் தொடர்பு இல்லாத பலர் துணிந்து எழுத வந்தார்கள். அந்த ஜன்னலை மூட வைத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

மூடப்பட்டதற்கு உதாரணம் இதே நாட்டில் இருக்கிறது. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு பேஸ்பால் தெரியும். 1957இல் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ரசிகர்கள் ஓட்டுப் போட்டு வீரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சின்சினாட்டி நகரில் ஒரு செய்தித்தாள் முன்கூட்டியே நிரப்பிய வாக்குச்சீட்டை அச்சடித்தே கொடுத்தது. தொடக்க வரிசைக்கு ஓட்டு நடந்த எட்டு இடங்களில் ஏழு சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்கே போனது. கமிஷனர் ஃபோர்ட் ஃப்ரிக் தலையிட்டு அதில் இருவரை நீக்கி வில்லி மேஸ், ஹாங்க் ஆரன் இருவரையும் போட்டார். அதோடு நிற்கவில்லை. ரசிகர்களின் வாக்குரிமையையே எடுத்துவிட்டார்கள். திரும்பக் கிடைத்தது 1970இல். ஒரு ஊர்க்காரர்களின் பாசத்துக்கு நாடு முழுக்க இருந்த ரசிகர்கள் பதின்மூன்று ஆண்டு விலை கொடுத்தார்கள்.

அமைப்பாளர்கள் கையில் கத்தரிக்கோலைக் கொடுப்பது இன்னும் மோசம். 2023 ஹ்யூகோ விருதுகள் சீனாவின் செங்டு நகரில் வழங்கப்பட்டன. 2024 ஜனவரியில் வாக்கு விவரம் வெளிவந்தபோதுதான் தெரிந்தது, ஆர். எஃப். குவாங்கின் 'பேபல்' நாவலைத் 'தகுதி இல்லை' என்று ஒதுக்கியிருந்தார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த மாதம் கசிந்த மின்னஞ்சல்களில், அரசியல் ரீதியாகச் சீனாவில் சங்கடம் வருமா என்று எழுத்தாளர்களை அமைப்பாளர்கள் துருவிப் பார்த்தது அம்பலமானது. பட்டியல் குழுவாவது தன் ஓட்டைத்தான் போட்டது. இங்கே வாசகர்களின் ஓட்டையே சத்தமில்லாமல் தூக்கிப் போட்டார்கள்.

எப்படிச் செய்யணும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2024இல் கிளாஸ்கோ. பதிவான 3,813 வாக்குகளில் 377 போலி என்று கண்டுபிடித்தார்கள். வரிசையாக எண்களையே பெயராக வைத்த உறுப்பினர்கள், ஒரே பெயரில் முதல் எழுத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பதிந்தவர்கள். அந்த ஓட்டெல்லாம் ஒரே ஒரு போட்டியாளருக்குப் போயிருந்தது. விருது விழாவுக்கு முன்பே, ஜூலையிலேயே, எத்தனை ஓட்டு, ஏன் நீக்கினோம் என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். அந்தப் போட்டியாளருக்கு இதில் பங்கு இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்பதால் அவர் பெயரைச் சொல்லவில்லை, தகுதி நீக்கமும் செய்யவில்லை. போலியை நீக்கு, எண்ணிக்கையைச் சொல், நிரபராதியின் பெயரைக் கெடுக்காதே. நம்ம சங்கத்துக் குழுக்கள் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய மூன்று விஷயங்கள் இவை.

இப்போது கஷ்டமான கேள்விக்கு வருவோம். 'அவங்க பட்டியல் போடுறாங்க, நாம சும்மா இருந்தா நம்ம ஆளு தோத்துடுவார். நாமளும் ஒண்ணு போடுவோம்.' இதைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். இதில் ஒரு நியாயமான வலியும் இருக்கிறது. சென்னைப் பதிப்புலகம் நம்மைக் கண்டுகொள்வதில்லை என்று புலம்பெயர்ந்து எழுதுகிறவர்களுக்கு ஒரு மனக்குறை. ஈழத்து எழுத்தாளர்களுக்கு ஒன்று, தலித் எழுத்தாளர்களுக்கு இன்னும் பழைய, இன்னும் ஆழமான ஒன்று. புறக்கணிப்பு பல நேரம் உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் பதிலுக்குப் பட்டியல் போட்டால் யாருக்கு லாபம்? எந்தக் குழு பெரிதோ அதற்கு. ஊர் வாரியாக, கல்லூரி வாரியாக, கட்சி வாரியாக, சாதி வாரியாக வாட்ஸ்அப் குழு இல்லாத இடம் எது? கதைப் போட்டி கடைசியில் குழு உறுப்பினர் கணக்கெடுப்பாகிவிடும். அப்போது முதலில் அடிபடுவது எந்தக் குழுவும் இல்லாதவர். கிளிநொச்சியிலோ கோவில்பட்டியிலோ தனியாக உட்கார்ந்து எழுதுகிற ஒரு பெண். அவருக்காகப் 'போட்டுடுங்க' என்று அனுப்ப யாரும் இல்லை. வாசகர் தேர்வு என்ற ஏற்பாடே அவரை மாதிரி ஆட்களுக்காகத்தானே வந்தது?

2015இல் பதில் பட்டியல் போடலாம் என்று அங்கேயும் பேசினார்கள். பெரும்பாலோர் அதைச் செய்யவில்லை. பட்டியலில் இருந்ததையும் படித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் 'யாருக்கும் இல்லை' என்று போட்டார்கள். பட்டியலில் வந்தது என்பதற்காகவே எல்லாவற்றையும் தள்ளிவிடவும் இல்லை. 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' படம் பட்டியலில் இருந்ததுதான், ஆனாலும் ஜெயித்தது. நம்ம ஊர் நோட்டாவைவிட இது பலமான ஆயுதம். 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்த நோட்டா, அதிக ஓட்டு வாங்கினாலும் அடுத்து நிற்கும் வேட்பாளர் எம்.எல்.ஏ. ஆகிவிடுவார். ஹ்யூகோவில் 'யாருக்கும் இல்லை' ஜெயித்தால் நிஜமாகவே யாருக்கும் இல்லை. ஒவ்வொரு தமிழ்ப் போட்டியிலும் அந்த ஒரு கட்டம் இருக்கணும்.

எழுதுகிறவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. 2015இல் மார்கோ க்ளூஸ் என்ற எழுத்தாளரின் நாவல் அந்தப் பட்டியல்களின் தயவில் இறுதிச் சுற்றுக்கு வந்தது. விஷயம் தெரிந்ததும் அவரே விலகிக்கொண்டார். ஆனி பெலட்டும் தன் சிறுகதையை விலக்கிக்கொண்டார். க்ளூஸ் விட்ட இடத்தில் உள்ளே வந்த நாவல் எது தெரியுமா? லியூ சிசின் சீன மொழியில் எழுதி, கென் லியூ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த 'தி த்ரீ-பாடி ப்ராப்ளம்'. அதுவே அந்த ஆண்டு சிறந்த நாவல் விருதை வென்றது. ஹ்யூகோ வரலாற்றில் மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று வென்றது அதுதான் முதல் தடவை. ஒருவர் கண்ணியமாக விலகாமல் இருந்திருந்தால், இறுதிப் பட்டியலில்கூட அந்தப் புத்தகம் இருந்திருக்காது.

இது நமக்கு ஏன் முக்கியம்? நம் பிள்ளைகளில் பலர் தமிழ் இலக்கியத்தை மொழிபெயர்ப்பு வழியாகத்தான் படிக்கப்போகிறார்கள். பெருமாள்முருகனின் 'பூக்குழி' ஆங்கிலத்தில் வந்து 2023இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இடம்பிடித்தபோது, இங்கே பிறந்த பிள்ளைகள் கையில் எடுத்துக் கேட்டார்கள். எந்தக் கதையை மொழிபெயர்க்கலாம், எதைத் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் பரிசாகக் கொடுக்கலாம் என்று தேடுகிறவர் முதலில் பார்ப்பது விருதுப் பட்டியலைத்தான். அந்தப் பட்டியலில் இருப்பது நாற்பது பேர் கட்டைவிரலால் ஏற்றிவிட்ட சுமாரான கதை என்றால், 'தமிழ்ல இவ்ளோதானா?' என்று பிள்ளை கேட்கும். அதற்கு நம்மிடம் பதில் இருக்காது.

ஆகவே போட்டி நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: எண்ணும் முறையை முதலிலேயே அறிவியுங்கள், ஒரு ரூபாயைப் பிரிக்கிற முறையைப் பரிசீலியுங்கள், 'யாருக்கும் இல்லை' என்று ஒரு கட்டம் வையுங்கள், முடிவுக்குப் பிறகு முழு எண்ணிக்கையையும் வெளியிடுங்கள். எழுதுகிறவர்களுக்கு: 'என் கதை வந்திருக்கு, படிச்சுப் பாருங்க' என்று ஆயிரம் பேருக்கு அனுப்புங்கள், அது உங்கள் உரிமை. உங்கள் பெயரில் யாராவது பட்டியல் சுற்றவிட்டால், வேண்டாம் என்று அதே குழுவில் சொல்லுங்கள். பரிந்துரை செய்ய ஆசைப்படுகிறவர்கள் ஐந்து இடத்துக்கு ஐந்து பெயர் கொடுக்காதீர்கள். பதினைந்து கதை சொல்லுங்கள், ஏன் பிடித்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். தேர்வு படிக்கிறவரிடமே இருக்கட்டும்.

வாக்களிக்கிற நமக்கு விதி ஒன்றுதான்: படித்ததை மட்டும் முன்மொழிவது. ஐந்து கட்டம் இருக்கிறது என்பதற்காக ஐந்தையும் நிரப்ப வேண்டும் என்று எந்தப் போட்டியும் கட்டாயப்படுத்துவதில்லை. மூன்று கதைதான் படித்தீர்களா, மூன்றைப் போடுங்கள். மீதி இரண்டு கட்டம் காலியாகவே இருக்கட்டும்.